பங்குனிக் காலையில் முற்றத்துப் பறவைகள்

குளிர்காலத்தை நம் கடற்கரையில் கழித்த வலசைப் பறவைகள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வடதிசை நோக்கித் திரும்புகின்றன. அவற்றுள் சிலவற்றைக் காண உப்பளங்களுக்கோ குளங்களுக்கோ செல்ல வேண்டியதில்லை. முற்றத்தில் ஒரு வேம்போ பூவரசோ இருந்தால், வீட்டில் ஓய்வில் இருப்பவரும் அவற்றைக் காணலாம்.

பறவைகளைப் பார்ப்பது மருந்துக்கு மாற்று என நாங்கள் கூறவில்லை. எனினும் பசுமையைக் காண்பது நோயுற்றவருக்கு ஆறுதலளிக்கும் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை சிகிச்சை பெற்ற 46 பேரின் பதிவுகளை ரோஜர் உல்ரிக் ஆராய்ந்து, 1984இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார். சாளரத்தின் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. அது சிறிய ஆய்வே. ஆயினும் கட்டிலைச் சாளரத்தின் பக்கம் திருப்புவதற்குச் செலவேதும் இல்லை.

எவற்றைக் காணலாம்?

மின்கம்பியில் அமர்ந்து தும்பியைப் பாய்ந்து பிடிக்கும் பச்சை நிறப் பறவை நீலவால் பஞ்சுருட்டான். கருந்தலையும் இளஞ்சிவப்பு உடலும் கொண்டு கூட்டமாக வருபவை சூறைக்குருவிகள். இவை மத்திய ஆசியா வரை செல்கின்றன. புதரின் உச்சியில் தனியே அமர்ந்து கரகரப்பாகக் கத்துவது பழுப்புக் கீச்சான். காலையும் மாலையும் ஆறு மணியளவில் குரல் கொடுப்பதால் பெயர்பெற்ற ஆறுமணிக்குருவி, நிழலான தோட்டத்தில் சருகுகளைக் கிளறி இரை தேடும்.

கவனிக்க வேண்டியவை

வெயில் ஏறுமுன், காலை ஏழரை மணிக்குள் பார்த்து முடித்தல் நன்று. முதியோரைக் கைப்பிடியுள்ள நாற்காலியில் அமர்த்துங்கள். நின்றபடி அண்ணாந்து பார்த்தால் தலைசுற்றி விழ நேரிடலாம்.

பறவைகளுக்கு அகன்ற மண்சட்டியில் நீர் வையுங்கள். நாள்தோறும் நீரை மாற்றி, சட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள். தேங்கிய நீரில் டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையிடும். தானியம் இறைக்க வேண்டா. மேற்கூறிய பறவைகளுக்குப் பூச்சிகளே முதன்மையான உணவு. தானியம் புறாக்களையே ஈர்க்கும். புறா எச்சத்தின் தூசு நுரையீரலைப் பாதிக்கக்கூடும். ஆஸ்துமா உள்ளவர்களும், புற்றுநோய்க்கோ உறுப்பு மாற்றத்துக்கோ மருந்து உட்கொள்பவர்களும் எச்சத்தைத் துப்புரவு செய்தல் கூடாது. இறந்த பறவையை எவரும் வெறுங்கையால் தொடலாகாது.

மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ தோன்றினால் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

பராமரிப்பாளர்களுக்கு ஒரு சொல்

நாள் முழுவதும் மாத்திரை, உணவு, துணி மாற்றுதல் என ஓடும் உங்களுக்கும் இந்த அரைமணி நேரம் உரியது. நோயாளியின் அருகில் அமருங்கள். மருந்தைப் பற்றியன்றி மரத்தைப் பற்றிப் பேசுங்கள். ஒரு குறிப்பேட்டில் தேதியும் கண்ட பறவையும் எழுதி வையுங்கள். எழுத இயலாதவர் சொல்ல, பேரப்பிள்ளைகள் எழுதலாம். ஐப்பசி வாக்கில் பறவைகள் மீண்டும் வரும்போது, அதே ஏட்டில் அவற்றின் வருகையையும் சேர்த்து எழுதலாம்.