கோழி எருவும் ஸ்ட்ராபெரியும்

கூண்டுக்கடியில் குவிந்து கிடக்கும் கோழி எருவை அள்ளி ஸ்ட்ராபெரித் தொட்டியில் போடலாமா என்று கேட்கிறீர்கள். போடலாம், ஆனால் இன்று அள்ளியதை இன்றே போடக் கூடாது. டீயைக் குடியுங்கள், காரணத்தைச் சொல்கிறேன்.

கோழி தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை. எச்சத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அந்த யூரிக் அமிலம்தான் அதற்குப் பதில். தழைச்சத்தின் பெரும்பகுதி அதில்தான். கோழி எருவில் தழைச்சத்து சுமார் 3 சதவீதம். தொழுவுரத்தில் அரை சதவீதம்தான். ஈரம் பட்டதும் யூரிக் அமிலம் அம்மோனியாவாக மாறுகிறது. கூண்டருகே குனிந்தால் கண் எரிவது அதனால்தான். கண்ணை எரிப்பது வேரை விடுமா? ஸ்ட்ராபெரிக்கு வேர் மேலாக ஓடும், எருவிலுள்ள உப்பும் ஆகாது. புது எரு போட்டால் இலையோரம் பழுப்பாகக் கருகும். முட்டைக்கோழி எருவில் சுண்ணாம்பு வேறு அதிகம். இந்தச் செடி கேட்பதோ கார அமில நிலை 5.5 முதல் 6.5 வரையுள்ள, லேசான புளிப்பு மண்.

இன்னொன்று, பழம் மண்ணை ஒட்டிக் கிடக்கும், தோலோடு தின்கிறோம். பச்சை எருவில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். இப்படி மண்ணில் படும் விளைச்சலுக்குப் பச்சை எரு போட்டால், அறுவடைக்கு 120 நாளாவது இடைவெளி வேண்டும் என்கிறது அமெரிக்க இயற்கை வேளாண் விதி.

ஆகவே மட்க வையுங்கள். மரத்தூள், தென்னை நார்க்கழிவு, காய்ந்த இலை, எது கிடைக்கிறதோ அதை எருவோடு கலந்து, பிழிந்தால் சொட்டாத ஈரத்தில் குவியுங்கள். குவியலின் நடுவே 55 டிகிரிக்கு மேல் ஏற வேண்டும். கையை விட்டால் வைத்திருக்க முடியாது. சூடு இறங்கும்போதெல்லாம் கிளறுங்கள். நாம் இருக்கும் அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. மேலே தார்ப்பாய் இல்லாவிட்டால் சத்தெல்லாம் சாக்கடைக்குப் போய்விடும். கிளறியும் சூடேறாமல், நெடி போய், மண்வாசம் வந்தால் பதம். பத்துப் பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மட்கு போதும்.

இத்தனை செய்தும் பழம் வருமா என்பது வேறு கேள்வி. ஸ்ட்ராபெரி நன்றாக மொட்டுக் கட்டக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். மகாபலேஷ்வரிலும் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அது உண்டு. நம் ஊரான பாம்பூஃப்ளாட்டில் ஜனவரி இரவுகூட 20 டிகிரிக்குக் கீழே எளிதில் இறங்காது. ஆசைக்கு ஒரு தொட்டி வையுங்கள். மிச்ச மட்கைக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் போடுங்கள். இந்த ஊர் வெயிலில் பட்ட பாட்டுக்குப் பலன் தருவது அவைதான்.