டார்ச் லைட் வாங்கப் போகிறீர்களா? அட்டைப் பெட்டி சொல்லும் கணக்கை நம்பாதீர்கள்!

ஆன்லைன் கடையில் 'டார்ச் லைட்' என்று டைப் செய்து தேடிப் பாருங்கள். சில நூறு ரூபாய் விலையில் ஒரு டார்ச் வந்து நிற்கும். 10,000 லூமன் வெளிச்சம், 9900 எம்ஏஎச் பேட்டரி, 2 கிலோமீட்டர் தூரம், தொடர்ந்து 10 மணி நேரம் என்று படத்தின் மேலேயே கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதற்குக் கீழே, நான்கு மடங்கு விலையில் இன்னொரு டார்ச். அதில் 400 லூமன் என்று மட்டும் இருக்கும். ராம் எத்தனை ஜிபி, ஹார்ட் டிஸ்க் எத்தனை ஜிபி என்று பார்த்தே வாங்கிப் பழகிய நமக்கு, பெரிய எண்ணின் பக்கம்தான் கை போகும்.

ஆனால் டார்ச் என்பது வருடத்தில் பெரும்பாலான நாட்கள் டிராயரில் தூங்கிவிட்டு, மோசமான சில இரவுகளில் மட்டும் எழுந்து வேலை செய்ய வேண்டிய பொருள். 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பரில் வர்தா புயல், 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று சென்னைக்காரர்களுக்கு அந்த இரவுகள் நன்றாகத் தெரியும். டெல்டா மாவட்டங்களில் 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களில் கரண்ட் திரும்ப வர வாரக் கணக்கில் ஆனது. அந்த மாதிரி சமயத்துக்கு எந்த டார்ச் தாங்கும் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

'செல்போனிலேயே டார்ச் இருக்கிறதே' என்கிறீர்களா? பாத்ரூம் வரை போய் வர அது போதும். இரண்டாம் நாள் இரவு, போனில் மிச்சம் இருக்கும் சார்ஜ் யாரையாவது உதவிக்கு அழைக்கத் தேவைப்படும். அதை வெளிச்சத்துக்குச் செலவழிக்காதீர்கள்.

பத்தாயிரம் லூமன் எங்கிருந்து வருகிறது?

லூமன் என்பது ஒரு விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. வீட்டில் மாட்டும் 9 வாட் எல்.இ.டி. பல்பு சுமார் 900 லூமன் தருகிறது. அந்தக் காலத்து இரண்டு கட்டை பேட்டரி போட்ட குண்டு பல்பு டார்ச் 10 முதல் 20 லூமன்தான் தந்தது. அதை வைத்துத்தான் நம் தாத்தாக்கள் வயலுக்கு நடந்து போய் மடை திருப்பினார்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. டார்ச்சில் இருக்கும் வெள்ளை எல்.இ.டி. ஒரு வாட் மின்சாரத்துக்குத் தோராயமாக 100 லூமன் தரும் என்று வைத்துக் கொள்வோம். நல்ல எல்.இ.டி. இன்னும் கொஞ்சம் கூடத் தரும். அப்படியானால் 10,000 லூமனுக்கு 100 வாட் வேண்டும். பேட்டரியைப் பாருங்கள். இந்த டார்ச்சுகளில் இருப்பது பெரும்பாலும் 18650 என்ற லித்தியம் அயான் செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதனால்தான் அந்தப் பெயர். 3.6 வோல்ட், 3000 எம்ஏஎச் என்றால் உள்ளே இருக்கும் மின்சக்தி சுமார் 11 வாட் மணி. 100 வாட் எடுத்தால் ஏழு நிமிடம் கூடத் தாங்காது. அதற்கு முன்பே டார்ச் கையில் பிடிக்க முடியாதபடி கொதித்துவிடும். 25 வாட் சால்டரிங் அயர்ன் எவ்வளவு சுடும் என்று தெரியுமல்லவா? 100 வாட்டில் பாதிக்கு மேல் சூடாகவே வெளியேறும்.

9900 எம்ஏஎச் என்பதும் இதே ரகம்தான். பரவலாகக் கிடைக்கும் தரமான 18650 செல்களே 3500 எம்ஏஎச் சுற்று வட்டாரத்தில்தான் இருக்கின்றன. அதே அளவுள்ள செல்லில் 9900 என்று அச்சடித்திருந்தால், அது மையின் கொள்ளளவு!

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் நமக்கு வேண்டிய விஷயம் கிடைக்கும். அதே 11 வாட் மணி செல்லில் 20 லூமன் மட்டும் எடுத்தால் 50 மணி நேரத்துக்கு வரும். சர்க்யூட்டில் வீணாவதைக் கழித்து 40 மணி நேரம் என்று வையுங்கள். இரவுக்கு எட்டு மணி நேரம் எரித்தாலும் ஐந்து இரவு தாங்கும். எனவே டார்ச் வாங்கும்போது அதிகபட்ச லூமனைப் பார்க்காதீர்கள். குறைந்த வெளிச்ச மோடு இருக்கிறதா, அதில் எத்தனை மணி நேரம் எரியும் என்று பாருங்கள். கண் இருட்டுக்குப் பழகிவிட்டால் வீட்டுக்குள் நடமாட 10, 20 லூமனே தாராளம். குடும்பமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றால் 100 லூமனில் வைத்து வெள்ளைச் சுவர் அல்லது மேல்தளத்தைப் பார்க்க நிமிர்த்தி வையுங்கள். அறை முழுக்கப் பரவும், யார் கண்ணிலும் குத்தாது. மெழுகுவர்த்தி சாய்ந்து திரைச்சீலை பற்றும் பயமும் இல்லை.

அந்த 'எஃப்.எல்.1' என்ன?

தரமான டார்ச் பெட்டியில் ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல்.1 என்ற குறிப்போடு சின்னச் சின்னப் படங்கள் இருக்கும். 2009-ல் அமெரிக்காவில் வந்த அளவீட்டு முறை இது. வெளிச்சம், தூரம், எரியும் நேரம், தண்ணீர் தாங்கும் திறன் ஆகியவற்றை எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரி அளக்க வேண்டும் என்பதற்காக ஏற்படுத்தினார்கள்.

இதிலும் ஒரு நெளிவு சுளிவு உண்டு. எரியும் நேரம் என்பது, ஆன் செய்து 30 விநாடியில் இருந்த வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையான நேரம். '1000 லூமன், 4 மணி நேரம்' என்று போட்டிருந்தால் நான்கு மணி நேரமும் 1000 லூமன் கிடைக்கும் என்று அர்த்தம் இல்லை. சூடு ஏறாமல் இருக்க சில நிமிடங்களிலேயே 300-க்கு இறக்கிவிட்டு, 100 லூமன் வரும் வரை ஓட்டினாலும் கணக்கு சரிதான். தூரமும் அப்படியே. ஏறக்குறைய முழு நிலவு தரும் வெளிச்சமான 0.25 லக்ஸ் எவ்வளவு தூரத்தில் கிடைக்கிறதோ அதுவே பெட்டியில் உள்ள தூரம். 200 மீட்டர் என்றால் அதில் பாதி தூரத்தில்தான் ஆளை அடையாளம் தெரியும்.

தண்ணீர் விஷயத்தில் ஐ.பி.எக்ஸ்.4 என்றால் சாரல் தாங்கும். ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். வெள்ளத்துக்கு இரண்டாவதுதான் வேண்டும். தலையை முன்னும் பின்னும் இழுத்து 'ஜூம்' செய்யும் விலை குறைந்த மாடல்கள் ஒவ்வொரு முறை நகரும்போதும் வெளிக்காற்றையும் ஈரத்தையும் உள்ளே இழுக்கின்றன. அவற்றில் 'வாட்டர் ப்ரூஃப்' என்று எழுதியிருந்தால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

பேட்டரிதான் விஷயமே

நம் வீடுகளில் அதிகம் காணப்படுவது, பின்பக்கம் இரண்டு பின்கள் வெளியே வரும் ரீசார்ஜபிள் டார்ச். அப்படியே பிளக் பாயிண்டில் செருகலாம். வசதிதான். பழைய மாடல்கள் பலவற்றில் உள்ளே இருப்பது 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி. சும்மா இருக்கும்போதே அது கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் இழக்கும். காலியான நிலையில் மாதக் கணக்கில் கிடந்தால் உள்ளே உள்ள தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகி, பிறகு எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் நிற்காது. ஆறு மாதம் தொடாமல் விட்ட டார்ச் புயல் அன்று கை விடுவது இப்படித்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். விலை குறைந்த மாடல்களில் டிரான்ஸ்பார்மர் இருக்காது. ஒரு கெபாசிட்டரை வைத்தே 230 வோல்ட்டைச் சமாளித்திருப்பார்கள். அதனால் சார்ஜ் ஆகும்போது உள்ளே உள்ள பேட்டரி, எல்.இ.டி. எல்லாமே மெயின்ஸ் மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருக்கும். மூடி விரிசல் விட்டிருந்தால் ஷாக் அடிக்கும். செருகிய நிலையில் அதைப் பயன்படுத்தக் கூடாது, ஈரக் கையோடு தொடவும் கூடாது. குழந்தைகளிடம் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

அவசர காலத்துக்கு என்று ஒரு டார்ச் வைப்பதானால் என் ஓட்டு, கடிகாரத்தில் போடும் பென்சில் செல், அதாவது ஏஏ செல் போடும் எல்.இ.டி. டார்ச்சுக்குத்தான். காரணம் எளிது. ஊரில் கரண்ட் இல்லாதபோது சார்ஜ் போட முடியாது, ஆனால் தெருமுனைப் பெட்டிக் கடையில் பென்சில் செல் கிடைக்கும். வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். 'ஹெவி டியூட்டி' என்று எழுதியிருப்பது பெரும்பாலும் பழைய ஜிங்க் கார்பன் வகை, இருப்பதிலேயே பலம் குறைந்தது அதுதான்! டார்ச்சுக்கு 'ஆல்கலைன்' என்று பார்த்து வாங்குங்கள்.

ஆல்கலைன் செல்லுக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு. உள்ளேயே மறந்துவிட்டால் ஒழுகி, வெள்ளைப் பொடி பூத்து, டார்ச்சின் ஸ்பிரிங்கை அரித்துவிடும். எனவே செல்களைக் கழற்றி ஒரு சின்னக் கவரில் போட்டு டார்ச்சோடு ரப்பர் பேண்ட் சுற்றி வையுங்கள். ஒழுகியிருந்தால் கையுறை போட்டுக் கொண்டு, பஞ்சில் வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்துக் காய வைத்தால் பல சமயம் டார்ச் பிழைத்துக் கொள்ளும். அடிக்கடி பயன்படுத்துபவர்கள் சார்ஜை நீண்ட நாள் பிடித்து வைக்கும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜபிள் ஏஏ செல் நான்கு வாங்கிக் கொள்ளலாம். 2005-ல் சான்யோ கம்பெனி எனலூப் என்ற பெயரில் கொண்டு வந்த வகை இது.

தினசரிப் பயன்பாட்டுக்கு லித்தியம் செல், யு.எஸ்.பி. டைப்-சி போர்ட் உள்ள டார்ச் நல்ல தேர்வு. பவர் பேங்கிலிருந்தும் சார்ஜ் ஏற்றலாம். ஆனால் பல மலிவு மாடல்களில் டைப்-சி போர்ட்டுக்குள் இருக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டர்களை மிச்சம் பிடித்துவிடுகிறார்கள். விளைவு, இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் சார்ஜ் ஏறாது. டார்ச் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். ஒரு முனை பழைய சதுர யு.எஸ்.பி.யாக உள்ள கேபிளில் போட்டுப் பாருங்கள்.

கழற்றி மாட்டும் லித்தியம் செல்லைச் சாவிக் கொத்தோடும் சில்லறையோடும் பாக்கெட்டில் போடக் கூடாது. ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விடவும் கூடாது. பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்த செல்லை டார்ச்சில் போடும் வேலை வேண்டவே வேண்டாம்.

எங்கே எது?

கம்ப்யூட்டர் கேபினட்டைத் திறந்து ராம் மாற்றுபவர்களுக்குத் தலையில் மாட்டும் ஹெட் லேம்ப் வரப்பிரசாதம். இரண்டு கையும் சும்மா இருக்கும். வெள்ளத்தில் குழந்தையைத் தூக்கிக் கொண்டு படி இறங்குபவருக்கும் அதுவேதான். வீட்டுக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஏஏ செல் போடும் ஹெட் லேம்ப்பையே வாங்குங்கள்.

கிராமத்தில் இரவு நடப்பவர்களுக்குத் தூரம் அடிக்கும் குவிந்த ஒளியை விட, காலடியில் அகலமாகப் பரவும் ஒளிதான் தேவை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. நீலம் தட்டும் 6500 கெல்வின் வெளிச்சத்தில் மண்ணும் சருகும் ஒரே மாதிரி வெளுத்துத் தெரியும். 4000 முதல் 5000 கெல்வின் வெளிச்சத்தில் நிற வித்தியாசம் நன்றாகத் தெரியும். சருகின் மேல் கிடக்கும் கண்ணாடி விரியனைப் பிரித்துப் பார்க்க அது உதவும்.

கேஸ் வாசனை வருகிறது என்றால் லைட் சுவிட்சைப் போலவே டார்ச் சுவிட்சையும் தொடாதீர்கள். இருட்டிலேயே ஜன்னல், கதவைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள்.

வாங்கிய டார்ச்சை நீங்களே சோதிக்கலாம். ஆண்ட்ராய்டு போனில் லக்ஸ் மீட்டர் ஆப் ஒன்றை இறக்கிக் கொள்ளுங்கள். இரவில் ஜன்னல் மூடிய அறையில் டார்ச்சை மேல்தளம் பார்க்க நிறுத்தி, பக்கத்தில் போனைத் திரை மேலே இருக்கும்படி வைத்து, அரை மணிக்கு ஒருமுறை எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காக எப்போது குறைகிறதோ அதுதான் உங்கள் டார்ச்சின் உண்மையான நேரம். அதை ஒரு ஸ்டிக்கரில் எழுதி டார்ச்சிலேயே ஒட்டிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு முறை ஈ.பி. பில் கட்டும் நாளிலும் ஐந்து நிமிடம் எரித்துப் பார்த்துவிட்டு, இருட்டிலும் கைக்குத் தட்டுப்படும்படி கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி வையுங்கள்.