எக்ஸ்டெண்டட் பேட்டரி வாங்கும் முன்

மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில்தான் தொடங்கியது. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் எத்தனையோ குடும்பங்கள் முதன்முதலில் தொட்ட லேப்டாப் அந்தத் திட்டத்தில் வந்ததுதான். பிறகு தொழிற்பேட்டை வேலைக்கு ஒன்று, பிள்ளையின் கல்லூரிக்கு ஒன்று என்று வாங்கியிருப்பார்கள். எந்த லேப்டாப்பிலும் முதலில் தேய்ந்துபோவது பேட்டரி. மாற்றப் போனால் கடைக்காரர் கேட்பார்: "நார்மல் போடவா, எக்ஸ்டெண்டட் போடவா? கொஞ்சம் கூட ஆகும், ஆனா பேக்கப் டபுள் சார்."

டபுள் என்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். பேட்டரியின் முதுகில் வாட் அவர் என்று ஓர் எண் அச்சாகியிருக்கும். இல்லையென்றால் வோல்ட்டையும் ஆம்பியர் அவரையும் பெருக்கினால் கிடைத்துவிடும். கழற்றி மாட்டும் பழைய மாடல்களில் ஆறு செல் பேட்டரி 10.8 வோல்ட், 4400 மில்லி ஆம்பியர் அவர் என்றால் அது சுமார் 47 வாட் அவர். அதே வகை செல்லில் ஒன்பது போட்ட எக்ஸ்டெண்டட் பேட்டரி சுமார் 71. உங்கள் லேப்டாப் சராசரியாக 12 வாட் இழுத்தால் முதலாவது நான்கு மணி நேரம் தாங்கும், இரண்டாவது ஆறு மணி நேரம். அதாவது ஒன்றரை மடங்குதான். கூடவே எடையும் ஏறும். சில மாடல்களில் பேட்டரி பின்பக்கமோ அடிப்பக்கமோ துருத்திக்கொண்டு நிற்கும்.

புது மாடல்களில் பேட்டரி உள்ளே திருகாணி போட்டு இருப்பதால் கதை வேறு. ஒரே மாடலை மூன்று செல், நான்கு செல் என இரண்டு விதமாக நிறுவனமே விற்கும். பல லேப்டாப்களில் பெரிய பேட்டரி, ஹார்டு டிஸ்க் உட்காரும் இடத்தையும் சேர்த்துத்தான் பிடித்துக்கொள்ளும். ஹார்டு டிஸ்க் உள்ள லேப்டாப்பில் அதை வைக்க இடமே இருக்காது. இடித்துத் திணிப்பதும், பிளாஸ்டிக்கைச் செதுக்கி உட்கார வைப்பதும் தீ விபத்துக்கு வழிவிடும் வேலை. உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் அந்தப் பேட்டரி எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

வீட்டில் இன்வெர்ட்டர் வைத்து, மேஜையிலேயே வேலை பார்ப்பவருக்கு நார்மல் பேட்டரியே போதும் என்பது என் கருத்து. மிச்சப்படும் பணத்தில் தரமானதாக வாங்கலாம். தினமும் மின்சார ரயிலில் போய்வந்து, பிளக் பாயின்ட் கிடைக்காத வகுப்பில் உட்காரும் மாணவிக்குப் பெரியது பயன்படும்.

பெரியதா சிறியதா என்பதைவிட, அட்டையில் போட்டிருப்பது உள்ளே இருக்கிறதா என்பதுதான் எனக்குக் கவலை. ஒன்பது செல் என்று சொல்லும் பேட்டரியைக் கையில் வாங்கிப் பாருங்கள். வழக்கமான உருளைச் செல் ஒன்றே ஏறக்குறைய 45 கிராம். ஒன்பதுக்கும் சேர்த்து 400 கிராமுக்கு மேல் வரவேண்டும். கையில் லேசாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆறு செல் பேட்டரியில் 9000 மில்லி ஆம்பியர் அவர் என்று அச்சிட்டிருந்தால் அதையும் நம்ப வேண்டாம். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் நல்ல செல்லே 3500 அளவில்தான் நிற்கிறது, ஆறு செல் பேட்டரியில் அது இரட்டிப்பாகி 7000 வரும். மாட்டிய பிறகு விண்டோஸில் பவர்சிஎஃப்ஜி கட்டளை மூலம் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். ஃபுல் சார்ஜ் கபாசிட்டி, டிசைன் கபாசிட்டியைவிட முதல் வாரத்திலேயே வெகுவாகக் குறைந்திருந்தால், பழைய செல்லுக்குப் புது உறை போட்டு உங்களிடம் விற்றிருக்கலாம். அந்த ரிப்போர்ட்டைச் சேமித்து வையுங்கள், நாளைக்குச் சாட்சியாகும்.

இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரிக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், ஆர் என்ற எழுத்தை அடுத்து எட்டு இலக்கப் பதிவு எண்ணும் பேட்டரியில் இருக்கவேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் யார் பெயரில் பதிவு என்று தெரிந்துவிடும். கடையில் நிற்கும்போதே செய்யக்கூடிய சோதனை இது.

பில் வாங்காமல் வந்துவிடாதீர்கள். "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும்" என்று இழுப்பார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அப்படித்தான்: பில்லில் குறித்த காலத்துக்குள், எதுவும் குறிக்கவில்லையென்றால் 30 நாட்களுக்குள், எடுத்துக்கொண்டு பணத்தைத் தரவேண்டும். தயாரித்தவர் யார் என்றே தெரியாத பேட்டரி வெடித்துக் காயமோ சேதமோ ஏற்பட்டால், விற்றவர் பொறுப்பாளி ஆகலாம் என்கிறது அதே சட்டத்தின் 86ஆம் பிரிவு. பெயரில்லாத பேட்டரியை விற்றவர், தயாரித்தவரைக் கைகாட்டி நழுவ முடியாது. ஆனால் அவரிடம்தான் வாங்கினீர்கள் என்று காட்ட பில் வேண்டுமே! பேட்டரி எண், வாட் அவர், வாரண்டி மாதம் மூன்றையும் அதில் எழுதி வாங்குங்கள்.

இணையத்தில் வாங்கியிருந்தால், புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் அந்தத் தளம் கடமைப்பட்டது. தீரவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை ரிச்சி தெருவில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஆவடி, பூந்தமல்லி வட்டங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கின்றன. அம்பத்தூர் வட்டம் 2018இல் சென்னை மாவட்டத்துக்கு மாறிவிட்டது. பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவேண்டிய கட்டாயமும் இல்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். தன் பிழைப்புக்காக டிடிபி கடை நடத்துபவரும் இங்கே நுகர்வோர்தான். வியாபாரி என்று சொல்லி அவரை ஒதுக்க முடியாது.

டச் பேட் மேலே எழும்பினாலோ, லேப்டாப்பின் அடிப்பக்கம் புடைத்தாலோ உடனே அணைத்து சார்ஜரைக் கழற்றுங்கள். அழுத்துவது, குத்துவது, மறுபடி சார்ஜ் போட்டுப் பார்ப்பது எதுவும் கூடாது. படுக்கை, மெத்தையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்து, சர்வீஸ் சென்டரை அழையுங்கள். புகை வந்தால் எல்லோரும் வெளியேறி 101க்குப் போன் செய்யுங்கள். பெரிய நிறுவனங்களின் பேட்டரியும் இதற்கு விலக்கல்ல. 2006இல் டெல் நிறுவனம், சோனி செல் போட்ட 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. உங்கள் மாடலுக்கு அப்படி அறிவிப்பு உண்டா என்று நிறுவனத்தின் தளத்தில் சீரியல் எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம்; இருந்தால் மாற்றுப் பேட்டரி இலவசமாகக் கிடைக்கும்.

கழற்றிய பழைய பேட்டரியைக் குப்பை வண்டியில் போடாதீர்கள். வண்டியில் நசுங்கினால் அங்கேயே தீப்பிடிக்கும், கூடவே நிற்பவர் தூய்மைப் பணியாளர். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. முனைகளில் டேப் ஒட்டி, புதியது வாங்கும் சர்வீஸ் சென்டரிலேயே ஒப்படைத்துவிட்டு வாருங்கள்.