ஸ்பிரிங் மாத்தினோம்... பவரைக் காணோம்!

''என்னடா பண்ணி வெச்சீங்க?''

ஹெல்மெட்டைக் கழட்டினதும் எங்க டிரைவர் கேட்ட முதல் கேள்வி இதுதான். எஞ்சின் என்னவோ ஊரையே எழுப்பற மாதிரி கத்துது. வண்டி மட்டும் மாப்பிள்ளை அழைப்பு கார் மாதிரி ஊர்ந்து போகுது. முந்தின நாள் 50 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்ட ஏடிவி, கிளட்ச்ல ஒரே ஒரு ஸ்பிரிங் மாத்தினதுக்கு அப்புறம் 30ஐத் தாண்ட மாட்டேங்குது. மத்தியப் பிரதேசத்துக்கு லாரி கிளம்ப இன்னும் நாலே நாள்!

எல்லார் பார்வையும் ஸ்பிரிங்கை மாட்டின செகண்ட் இயர் பையன் மேலதான். அதுலயும் ரொம்ப உக்கிரமான பார்வை என்னோடது. ஃபைனல் இயர் சீனியராச்சே!

நடந்தது 2014ல. 'பாஹா எஸ்ஏஇ இந்தியா' பத்தி மெக்கானிக்கல் பசங்களுக்குச் சொல்லவே வேணாம். மத்தவங்களுக்காகச் சின்ன அறிமுகம்... கரடுமுரடான பாதையில ஓடற வண்டியை மாணவர்களே டிசைன் பண்ணி, வெல்டிங் அடிச்சு, ஓட்டிக் காட்டணும். அமெரிக்காவுல 1976ல தென் கரோலினா பல்கலைக்கழகத்துல பிறந்த இந்தப் போட்டி, 2007ல இந்தூர் பக்கத்து பீதம்பூருக்கு வந்தது. எங்க காலத்துல எல்லா டீமுக்கும் ஒரே எஞ்சின்தான். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், 305 சிசி, வெறும் 10 குதிரைசக்தி. அதுவும் 3,800 ஆர்பிஎம்முக்கு மேல போகாதபடி கவர்னர் வெச்சுப் பூட்டிடுவாங்க. நோண்டினா டீமே அவுட்! ஆக, ஜெயிக்கறதும் தோக்கறதும் எஞ்சின்ல இல்லை, அந்தப் பத்துக் குதிரையை சக்கரம் வரைக்கும் சிந்தாம கொண்டு போறதுலதான் இருக்கு.

கொண்டு போறவர் சிவிடி. கியர் கிடையாது. முன்னாடி ஒரு புல்லி, பின்னாடி ஒரு புல்லி, நடுவுல பெல்ட். ஒவ்வொரு புல்லியும் எதிரெதிரா வெச்ச ரெண்டு கூம்புத் தட்டு. எஞ்சின் வேகம் ஏற ஏற முன் புல்லிக்குள்ள இருக்கற எடைகள் வெளிப்பக்கமா விரிஞ்சு, தட்டுகளை நெருக்கும். பெல்ட் மேல ஏறும், வண்டி வேகம் பிடிக்கும். 'அவசரப்படாதே'ன்னு அந்த எடைகளைப் பிடிச்சு வைக்கறதுதான் ஸ்பிரிங். அது லூசா இருந்தா பெல்ட் சீக்கிரமே மேல ஏறிடும், எஞ்சின் முக்கி முனகும். டைட்டா இருந்தா பெல்ட் ஏறவே ஏறாது, எஞ்சின் கத்தி ஓயும். ரெண்டுலயும் எஞ்சினோட பவர் குறையலை பாஸ். அதை எந்த ஆர்பிஎம்ல வேலை வாங்கறோம்ங்கறதுதான் மாறிப்போகுது.

மேட்டுல நின்ன இடத்துலேர்ந்து கொஞ்சம் உதறிக் கிளம்பட்டுமேன்னுதான் முன் புல்லிக்கு டைட்டான ஸ்பிரிங் வாங்கினோம். ஆரஞ்சு கலர். கலரைப் பார்த்து வாங்கினதே முதல் தப்பு. ஒரு கம்பெனியோட ஆரஞ்சும் இன்னொரு கம்பெனியோட ஆரஞ்சும் ஒரே அழுத்தம் கொடுக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லை.

சரி, கோளாறை எங்கே தேடறது? முதல்ல நியூட்ரல்ல போட்டுத் தள்ளிப் பார்த்தோம், பிரேக் ஏதாவது பிடிச்சிட்டிருக்கான்னு. சுலபமா உருண்டது. அப்புறம் ஸ்கெட்ச் பேனா டெக்னிக். முன் புல்லித் தட்டுல நடுவுலேர்ந்து விளிம்பு வரைக்கும் ஒரு கோடு போட்டு, கிரவுண்டுல ரெண்டு ரவுண்டு முழு ஆக்ஸிலேட்டர்ல ஓட்டிட்டு வந்து திறந்து பார்க்கணும். பெல்ட் போன உயரம் வரைக்கும் கோடு அழிஞ்சிருக்கும். எங்க கோடு பாதிதான் அழிஞ்சிருந்தது. அதாவது, டாப் கியரே விழலை!

ஏன்? பழைய ஸ்பிரிங்கையும் புதுசையும் பக்கத்துல வெச்சதும் தெரிஞ்சுபோச்சு. புதுசோட கம்பி தடிமன், சுத்தும் அதிகம். வைஸ்ல வெச்சு அமுக்கினா, தட்டுகள் நெருங்கி முடியறதுக்கு முன்னாடியே சுத்துகள் ஒண்ணை ஒண்ணு தொட்டு, கட்டை மாதிரி நின்னுடுச்சு. அதுக்கு மேல எடை என்ன தள்ளினாலும் நகராது. பெல்ட் இல்லாம புல்லியைப் பூட்டி, தட்டு முழுசா மூடுதான்னு பார்த்திருந்தா முதல் நாளே சிக்கியிருக்கும். (இந்தக் கவரைக் கழட்டறப்போ முகத்தைத் தள்ளி வெச்சுக்கங்க. அமுங்கின ஸ்பிரிங் பாய்ஞ்சா பல்லு போயிடும்.)

பழைய ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டினோம். சமதரையில 50 வந்துடுச்சு. ஒரே கைத்தட்டல்! ஆனா, காலேஜுக்குப் பின்னாடி இருக்கற மண்மேட்டுல ஏத்தினா... பாதியில நின்னு, ரப்பர் கருகற வாசனை. ''உன்னாலதான்டா எல்லாம்!''னு ஜூனியரை நான் திட்டினதை இங்கே எழுத முடியாது. பையன் பதிலே பேசலை. ஓரமாப் போய் நட்டை எண்ணிட்டு உட்கார்ந்திருந்தான்.

கடைசியில கேட்டுக்கு எதிர்ல ஸ்கூட்டர் ரிப்பேர் கடை வெச்சிருக்கற அண்ணாச்சியைக் கூட்டிட்டு வந்தோம். ஸ்கூட்டர்லயும் இதே மாதிரி பெல்ட் டிரைவ்தானே! மனுஷன் புல்லித் தட்டுல விரலை ஒரு இழு இழுத்து, மூக்குல வெச்சுப் பார்த்தார்.

''உள்ள கிரீஸ் வெச்சது யாரு தம்பி?''

ஷெட்ல நிசப்தம். வெச்சது... நான். முந்தின ராத்திரி, 'சுத்தற சாமானாச்சே, வழவழன்னு இருக்கட்டும்'னு எடைகள் இருக்கற இடத்துல தாராளமா அப்பினேன். அது உலர்வா ஓட வேண்டிய கிளட்ச். 3,800 ஆர்பிஎம்ல கிரீஸ் சிதறித் தட்டுலயும் பெல்ட்டுலயும் படிஞ்சு, லோடு விழுந்ததும் பெல்ட் வழுக்கியிருக்கு. ஸ்பிரிங்கையும் கிரீஸையும் ஒரே ராத்திரியில மாத்தினதால, எது வில்லன்னு யாருக்கும் பிடிபடலை. கண்ணுல பட்டவன் அந்தப் பையன் மட்டும்தான்.

தட்டுகளை அசிடோன் போட்டுத் துடைச்சு, நைஸ் எமரியால லேசா உரசினோம். வழவழப்பாகிப்போன பெல்ட்டைத் தூக்கிப் போட்டுட்டு ஸ்பேர் பெல்ட்டை மாட்டினோம். இந்த முறை பூட்டினது ஜூனியர், விளக்கு பிடிச்சது நான். மண்மேட்டுல முதல் தடவையே ஏறிடுச்சு.

''சாரிடா தம்பி...''

''பரவால்லண்ணா, பிரியாணி வாங்கிக் கொடுத்துடுங்க.''

லாரி கிளம்பற அன்னிக்கு டூல் பாக்ஸைத் திறந்து பார்த்தேன். கிரீஸ் டப்பா இருக்க வேண்டிய இடம் காலி. அங்கே ஒரு துண்டுச் சீட்டு, ஜூனியர் கையெழுத்துல: 'டப்பா ஹாஸ்டல்ல பத்திரம். பீதம்பூர் போயிட்டு வந்து வாங்கிக்கங்கண்ணா!'