வனப்படத்தின் நிலைக்கோடு

வனப்படம் என்னுஞ் சொல்லைக் கேட்டமாத்திரத்தே மரமுங் கொடியும் அடர்ந்த சித்திரமொன்று மனக்கண்முன் தோன்றுதல் இயல்பே. புள்ளியியலார் அப்பெயரால் வழங்குவது வேறொன்றாம். ஒரே மருந்தைப் பற்றிப் பலர் பல இடங்களிற் செய்த சோதனைகளின் முடிவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து காட்டும் படமே அது. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு சிறு சதுரமும், அதனை ஊடுருவும் ஒரு கிடைக்கோடும் உண்டு. சதுரம் கண்ட பயனைக் குறிக்கும்; கோட்டின் நீளம் அம்முடிவின் ஐயப்பாட்டு எல்லையைக் குறிக்கும். சோதனையிற் கலந்தோர் சிலராயின் கோடு நீளும், பலராயிற் குறுகும்.

இவ்வளவும் இருப்பினும், மேலிருந்து கீழாக நிற்கும் நிலைக்கோடு இல்லையேல் படம் ஊமையாம். மருந்தால் நன்மையுமில்லை, தீமையுமில்லை என்னும் இடத்தை அது காட்டுகின்றது. ஒரு கிடைக்கோடு அதனைத் தொடுமாயின், அச்சோதனை தனித்துநின்று எதனையும் உறுதி செய்யவில்லை என்க.

இதற்கொரு சான்று காண்போம். 1972-ஆம் ஆண்டில், நியூசிலாந்து நாட்டு ஆக்லாந்து நகரைச் சேர்ந்த லிகின்ஸ், ஹோவி என்னும் மருத்துவர் இருவர், குறைமாதத்தில் மகவு பெறும் நிலையிலிருந்த 282 தாய்மாருள் ஒரு பகுதியார்க்குப் பீட்டாமெத்தசோன் என்னும் மருந்தைச் செலுத்தி ஆராய்ந்த முடிவை வெளியிட்டனர். எதிர்பாராது நேர்ந்த குறைப்பேறுகளில், மருந்து பெறாதார் சிசுக்களுள் நூற்றுக்கு 15 பிறந்த சின்னாளில் இறந்தன. மருந்து பெற்றார் சிசுக்களுள் இறந்தன நூற்றுக்கு 3 அளவே. பின்னர்ப் பிறரும் சோதித்தனர். அவற்றுட் பல சிறியன. அவற்றின் கோடுகள் நிலைக்கோட்டைத் தொட்டன. ஆதலின் மகப்பேற்று மருத்துவர் பலர் அம்மருந்தைக் கையாளாது வாளா இருந்தனர். 1989-ஆம் ஆண்டுவரை அம்முடிவுகளை முறையாகத் தொகுத்து வெளியிட்டாரில்லை. தொகுத்தபோதோ, மொத்த முடிவைக் காட்டும் சாய்சதுரம் நிலைக்கோட்டைத் தீண்டாது, இறப்புக் குறைவைக் குறிக்கும் இடப்புறத்தே தெளிவாக நின்றது! இடைப்பட்ட ஆண்டுகளில் வீணே மாண்ட சிசுக்கள் பல்லாயிரம் என்பர். 1993-இல் நிறுவப்பெற்ற காக்ரேன் கழகம், இச்சோதனைகளுள் ஏழின் படத்தையே தன் இலச்சினையாகக் கொண்டது.

இனி, வரையும் முறை. இதற்குப் பெரிதும் பயன்படும் ஆர் என்னும் கணினிமொழியும் அதே ஆக்லாந்தில், அந்நகரப் பல்கலைக்கழகத்தில், இஹாகா, ஜென்டில்மன் என்பாரால் ஆக்கப்பட்டதென்பது வியப்பிற்குரியது. அதனைச் சார்ந்த மெட்டாபர் தொகுதியில் ‘பாரஸ்ட்’ என்னும் கட்டளை படத்தை வரையும். ‘ரெப்லைன்’ என்பது நிலைக்கோட்டின் இடத்தைக் குறிக்கும். நாம் ஒன்றும் கூறாவிடின் கோடு 0-இல் நிற்கும். இரு கூட்டத்தாரின் வேறுபாட்டை அளக்குங்கால் அது பொருந்தும். விகிதமாயின் சமநிலை 1 அன்றோ எனின், ஈண்டுச் சற்றே கவனம் வேண்டும். பாதியும் இருமடங்கும் சமநிலையிலிருந்து ஒத்த தொலைவில் நிற்றற்பொருட்டு, விகிதங்களை மடக்கையாக மாற்றியே வரைவர். 1-இன் மடக்கை 0 ஆதலின், கோடு 0-இலேயே நிற்க, அடியிலுள்ள எண்களை மட்டும் விகிதமாக மாற்றி எழுதுதலே முறை. இதனையறியாது 1 எனக் கட்டளையிடின், கோடு உண்மையில் 2.718 என்னும் விகிதத்திற் போய் நிற்கும்; இறப்பை இருமடங்காக்கும் நஞ்சும் இடப்புறத்தே நின்று நன்மருந்தெனத் தோன்றும்.

சாய்சதுரத்தின் நடுவினூடே இரண்டாவதொரு கோட்டை ‘ஏபிலைன்’ கட்டளையால் இடுதலும் உண்டு. ஒவ்வொரு சோதனையும் மொத்த முடிவினின்றும் எவ்வளவு விலகிற்றென்பது அதனாற் புலனாம். இதனைப் புள்ளிக்கோடாக, மெல்லியதாக வரைதலே தக்கது. இரண்டையும் ஒரே தடிப்பில் வரையின், எது சமநிலை, எது முடிவு எனப் படிப்போர் மயங்குவர்.