"உஸ்ஸ்..." என்று ஒரு திருட்டு! பட்டறை முதலாளிகளே, உஷார்!

சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1964-ல் தொடங்கப்பட்ட இந்தப் பேட்டையில் எத்தனையோ சிறு பட்டறைகள். பகல் முழுவதும் லேத் சத்தம், பிரஸ் சத்தம், கிரைண்டர் சத்தம். பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது.

மத்தியானம் சாப்பாட்டு நேரம். மெஷின்கள் நிற்கின்றன. தொழிலாளிகள் கையைக் கழுவிவிட்டு டிபன் டப்பாவைத் திறக்கிறார்கள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்கிறது.

"உஸ்ஸ்ஸ்..."

பாம்பு இல்லை. ஏர் லைனில் எங்கோ ஓர் ஓட்டை! கம்பிரசர் அடைத்து வைத்த காற்று அதன் வழியாகத் தப்பி ஓடுகிறது.

கொஞ்ச நேரத்தில் மூலையில் இருக்கும் கம்பிரசர் தானாக ஓடத் தொடங்குகிறது. பட்டறையில் ஒரு மெஷின்கூட ஓடவில்லை. பின்னே யாருக்காக ஓடுகிறது?

அந்த ஓட்டைக்காக!

பூட்டை உடைக்கவில்லை. சுவர் ஏறிக் குதிக்கவில்லை. ஆனால் கல்லாப் பணம் போய்க்கொண்டே இருக்கிறது. இந்தத் திருடன்மீது போலீசில் புகார் கொடுக்கவும் முடியாது!

காற்று சும்மாவா வருது?

"காத்துதானே சார், போனா போகட்டும்!"

பட்டறைகளில் வழக்கமாகச் சொல்லும் பதில் இது.

காற்று இலவசம்தான். ஆனால் அதை அமுக்கி, 7 கிலோ பிரஷரில் டாங்கிக்குள் அடைக்கக் கரண்டு வேண்டுமே! அங்கேதான் விஷயம் இருக்கிறது.

கம்பிரசருக்குள் போகும் கரண்டில் பெரும்பகுதி வெறும் சூடாகவே போய்விடுகிறது. கம்பிரசரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஏர் கன், ஏர் கிரைண்டர், சிலிண்டர் வரை வந்து வேலை செய்வது சுமார் 10-ல் ஒரு பங்குதான்.

அதாவது 10 ரூபாய்க்குக் கரண்டு வாங்கி, ஒரு ரூபாய் வேலை பார்க்கிறோம். பட்டறையில் இருப்பதிலேயே விலை அதிகமான சரக்கு இந்தக் காற்றுதான்! அதைத்தான் "போனா போகட்டும்" என்கிறோம்.

7 கிலோ பிரஷரில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தால் போதும். சுமார் 3 கிலோவாட் கரண்டு அதற்கே சரியாகிவிடும். ஒன்றரை டன் ஏ.சி. இரண்டு ஓடுகிற கரண்டு அது! வீட்டில் யாரும் இல்லாத அறையில் ஏ.சி. ஓடினால் சும்மா விடுவோமா?

துப்பு துலக்குவது எப்படி?

எவ்வளவு காற்று திருட்டுப் போகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய என்ஜினீயர் வேண்டாம். கையில் ஒரு வாட்ச் போதும்.

ஞாயிற்றுக்கிழமை, அல்லது ஷிப்டு முடிந்த பிறகு, எல்லா மெஷினையும் நிறுத்திவிடுங்கள். கம்பிரசரை மட்டும் ஓட விடுங்கள். பிரஷர் ஏறியதும் கம்பிரசர் காற்று அடைப்பதை நிறுத்திவிடும். யாரும் காற்றை உபயோகிக்காவிட்டால் அது மறுபடி அடைக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் அடைக்கும்! எத்தனை நிமிஷம் அடைக்கிறது, எத்தனை நிமிஷம் சும்மா இருக்கிறது என்று நாலைந்து முறை குறித்துக்கொள்ளுங்கள்.

உதாரணமாக, 2 நிமிஷம் அடைக்கிறது, 8 நிமிஷம் சும்மா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10 நிமிஷம். அதில் 2 நிமிஷம் ஓட்டைக்காக உழைத்திருக்கிறது. ஆக, கசிவு 20 சதவீதம்.

இது 15 குதிரைசக்தி கம்பிரசராக இருந்தால் சுமார் 11 கிலோவாட். அதில் 20 சதவீதம் என்றால் மணிக்கு 2.2 யூனிட். இரண்டு ஷிப்டு, 16 மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள். மொத்தம் 10 ஆயிரத்து 560 யூனிட்! யூனிட் 8 ரூபாய் என்று போட்டால் 84 ஆயிரத்து 480 ரூபாய்!

ஒரு ஹெல்பருக்குப் பல மாதச் சம்பளம். அத்தனையும் "உஸ்ஸ்".

20 சதவீதம் என்பது அதிசயமும் இல்லை. சரியாகக் கவனிக்காத இடங்களில் 20 முதல் 30 சதவீதம் வரை கசிவது சாதாரணம். 10 சதவீதத்துக்குள் வைத்திருந்தால் நல்ல பராமரிப்பு என்று சொல்லலாம்.

வினை மேல் வினை

கசிவு இருந்தால் கடைசி மெஷினுக்குப் பிரஷர் போய்ச் சேராது. "அண்ணே, காத்து பத்தல!" என்று குரல் வரும். உடனே என்ன செய்கிறார்கள்? ஓட்டையைத் தேடுவதில்லை. கம்பிரசர் பிரஷரைக் கூட்டி வைக்கிறார்கள்!

ஒரு கிலோ பிரஷரைக் கூட்டினால் கம்பிரசர் இழுக்கும் கரண்டு 6, 7 சதவீதம் கூடும். பிரஷர் கூடியதால் அதே ஓட்டையில் இன்னும் அதிகக் காற்று போகும். வீட்டில் திருடன் புகுந்த பிறகு கதவை இன்னும் அகலமாகத் திறந்து வைத்த கதைதான்!

கம்பிரசரை வைக்கும் இடமும் முக்கியம். தகரக் கூரைக்கடியில், அனல் அடிக்கும் மூலையில் தள்ளிவிடுவது வழக்கம். அது இழுக்கும் காற்றின் சூடு 4 டிகிரி கூடினால் கரண்டு செலவு சுமார் 1 சதவீதம் கூடும். பில்டரில் அழுக்கு அடைத்திருந்தால் அதற்கும் தனி அபராதம்.

இன்னொரு பழக்கம். ஷிப்டு முடிந்ததும் ஏர் கன்னால் சட்டையில் இருக்கும் தூசியை ஊதிக்கொள்வது. காற்று வீண் என்பது மட்டுமல்ல, ஆபத்தும்கூட. இரும்புத்தூள் பறந்து கண்ணில் பாயும். காயத்தின் வழியாகக் காற்று தோலுக்குள் புகுந்தால் உயிருக்கே உலை. துடைக்க பிரஷ் இருக்கிறது, துணி இருக்கிறது.

கேட்க ஆள் இல்லை

பெரிய ஆலைகளுக்குக் கேள்வி கேட்க ஆள் உண்டு. எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001-ல் வந்தது. 2002 மார்ச்சில் மத்திய அரசின் எரிசக்தித் திறன் அலுவலகம் ஏற்பட்டது. 2012-ல் சிமெண்ட், உரம், இரும்பு, காகிதம், ஜவுளி என்று 8 துறைகளில் 478 பெரிய ஆலைகளுக்கு "இவ்வளவு குறைக்க வேண்டும்" என்று இலக்கு வைத்தார்கள். இலக்கு 66.8 லட்சம் டன் எண்ணெய்க்குச் சமமான எரிசக்தி. மிச்சப்பட்டது 86.7 லட்சம் டன்! அளந்து பார்த்து, கணக்குக் கேட்டால் மிச்சம் வரும் என்பதற்கு இதுவே சாட்சி.

ஆனால் 15 குதிரைசக்தி கம்பிரசர் வைத்திருக்கும் பட்டறை இந்த இலக்குப் பட்டியலில் இல்லை. அங்கே யாரும் வந்து அளக்கப்போவதில்லை. கரண்டு பில்லிலும் "ஓட்டைக்கு இவ்வளவு" என்று தனியாகப் போட்டு வராது.

2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மின் கட்டணம் உயர்ந்தது. நிலைக் கட்டணத்தையும் உச்ச நேரக் கட்டணத்தையும் குறைக்கக் கோரி, 2023 செப்டம்பர் 25-ந் தேதி சிறு தொழில்கூடங்கள் ஒரு நாள் கதவடைப்பு நடத்தின. கட்டணம் நியாயமா என்பது வேறு வழக்கு. அதில் தீர்ப்புச் சொல்வது பட்டறைக்காரர் கையில் இல்லை. ஓட்டை அவர் கையில் இருக்கிறது.

பில் எகிறினால் அடி விழுவது முதலாளிக்கு மட்டுமல்ல. முதலில் நிற்பது ஓவர்டைம். அடுத்து நிற்பது ஹெல்பர்.

சோப்புத் தண்ணீர் போதும்!

திருடனைப் பிடிக்க ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீரும் ஒரு பிரஷ்ஷும் போதும். ஏர் ஹோஸ் மாட்டும் இடம், கப்ளர், கிளிப், திருகு ஜாயிண்ட், ரெகுலேட்டர், டாங்கியின் அடியில் தண்ணீர் வடிக்கும் வால்வு இவற்றில் தடவினால் நுரை குமிழி விடும். அங்கேதான் ஆசாமி ஒளிந்திருக்கிறான்! சாக்பீசால் வட்டம் போட்டுவிடுங்கள்.

பெரும்பாலும் ஒரு புது கிளிப், ஒரு வாஷர், ஒரு சுற்று டெப்லான் டேப். அவ்வளவுதான் செலவு. ஓடாத மெஷினுக்குப் போகும் லைனை வால்வு போட்டு மூடிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

ஆனால் ஒரு தடவை அடைத்தால் போதாது. ஹோஸ் வெடிக்கும், ஜாயிண்ட் தளரும். மாதம் ஒரு முறை வாட்ச் வைத்துப் பார்க்க வேண்டும்.

மெஷின் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கும் தொழிலாளிக்கு எங்கே "உஸ்" என்று கேட்கிறது என்பது நன்றாகத் தெரியும். "அதான் ஓடுதே, போய் வேலையைப் பாரு தம்பி" என்று ஒரு தடவை வாயை அடைத்துவிட்டால் அடுத்த தடவை அவர் சொல்ல மாட்டார்.

நாளை சாப்பாட்டு நேரத்தில் மெஷின்கள் நின்றதும், உடனே டிபனைத் திறக்காதீர்கள். ரேடியோவை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் காதைத் தீட்டிக்கொண்டு நில்லுங்கள்.

"உஸ்ஸ்..." என்று கேட்டால், அது உங்கள் பணம்!