பாண்டிச்சேரியை விட்டவர்கள் அல்ஜீரியாவை ஏன் விடவில்லை?

1954 நவம்பர் 1. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. இரண்டு வாரங்களுக்கு முன்புதான் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்திருந்தார்கள். அதே நாள் அதிகாலையில், அதே பிரான்ஸின் பிடியிலிருந்த அல்ஜீரியாவில் எழுபது இடங்கள் வரை தாக்கப்பட்டன. பல கைகளில் இருந்தவை வேட்டைத் துப்பாக்கிகள்தான். தேசிய விடுதலை முன்னணி என்ற பெயரை உலகம் அன்றுதான் கேள்விப்பட்டது. இங்கே கைகுலுக்கலில் முடிந்தது. அங்கே ஏழரை ஆண்டுப் போர் தொடங்கியது.

ஏன் இந்த வேறுபாடு? டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், கொஞ்சம் நீளும்.

பாண்டிச்சேரியை பிரான்ஸ் தூரத்துச் சொத்தாகத்தான் வைத்திருந்தது. அல்ஜீரியா அப்படியல்ல. 1830இல் படையிறங்கிப் பிடித்த நாட்டை 1848இல் பிரான்ஸின் பகுதி என்றே சட்டத்தில் எழுதிக்கொண்டார்கள். ஐரோப்பியக் குடியேறிகள் சுமார் பத்து லட்சம் பேர். முஸ்லிம்கள் தொண்ணூறு லட்சம். 1947இல் ‘சீர்திருத்தம்’ என்று ஒரு சபை கொடுத்தார்கள்: அவர்களுக்கு 60 இடம், இவர்களுக்கும் 60 இடம். அடுத்த ஆண்டு நடந்த தேர்தலில் கள்ளத்தனம் வேறு. அதற்கு முன்பே, 1945 மே 8 அன்று, ஹிட்லரை வென்ற கொண்டாட்டத்தில் செத்திஃப் ஊரில் அல்ஜீரியக் கொடியைத் தூக்கியதில் கலவரம் மூண்டது. நூறு ஐரோப்பியர் வரை இறந்தார்கள். பதிலடியில் ஆயிரக்கணக்கான அல்ஜீரியர்கள் கொல்லப்பட்டார்கள். வாக்குச்சீட்டின் மேல் இருந்த நம்பிக்கை இப்படித்தான் போனது.

போரில் எல்லோரும் பேசுவது தலைநகர் அல்ஜியர்ஸில் நடந்த சண்டையைத்தான். 1956 ஆகஸ்டில் கஸ்பா என்ற பழைய நகரத்தில் ஐரோப்பியக் குடியேறிகளில் இருந்த தீவிரவாதிகள் குண்டு வைத்தார்கள். வீடுகள் இடிந்து குடும்பங்களோடு புதைந்தன. செப்டம்பர் 30 அன்று முன்னணியின் பெண்கள் மில்க் பார் முதலிய இடங்களில் குண்டு வைத்தார்கள். மாண்டவர்கள் இரு பக்கமும் சாதாரண மக்கள். இதில் யாருக்கும் சலுகை தர எனக்கு மனமில்லை.

1957 ஜனவரியில் தளபதி மசூவின் பாராசூட் படையிடம் நகரத்தின் போலீஸ் அதிகாரம் போனது. முன்னணி அறிவித்த கடையடைப்பில், மூடிய கடைகளின் ஷட்டர்களைப் படையினர் பிய்த்தெறிந்தார்கள். பிடிபட்டவர்களுக்கு மின்சாரமும் தண்ணீரும்தான் விசாரணை. முன்னணித் தலைவர் லார்பி பென் மஹிதி சிறையில் தற்கொலை செய்துகொண்டார் என்றார்கள். தானே கொன்றதாக ஒரு தளபதி 2001இல் புத்தகம் எழுதினார். பிரெஞ்சு அதிபர் ஒப்புக்கொள்ள 2024 ஆனது.

அக்டோபருக்குள் நகரம் அடங்கிவிட்டது. ராணுவக் கணக்கில் பிரான்ஸுக்கு முழு வெற்றி. ஆனால் நாஜிகளிடம் சித்திரவதை அனுபவித்த பால் தெய்ட்ஜன் அதே அல்ஜியர்ஸில் போலீஸ் நிர்வாகப் பொறுப்பில் இருந்தார். கைதிகளின் உடலில் தன் உடலில் இருந்த அதே தழும்புகளைக் கண்டு பதவியை விட்டார். சித்திரவதையை நேரில் அனுபவித்த ஆன்ரி அலெக்கின் புத்தகம் 1958இல் வந்தது, தடையும் வந்தது. இந்த வெற்றிக்காகப் பிரான்ஸ் தனக்குள்ளேயே பிளந்தது. என் கணக்கில் போர் திரும்பிய இடம் இதுதான்.

பிளவு ஆட்சியைத் தின்றது. 1958 மே 13 அன்று குடியேறிகள் அல்ஜியர்ஸில் அரசு மாளிகையைப் பிடித்தார்கள், ராணுவம் அவர்கள் பக்கம் சாய்ந்தது, பாரிஸில் நான்காவது குடியரசு என்ற ஆட்சியமைப்பே கவிழ்ந்தது. தங்களைக் காப்பாற்றுவார் என்று அவர்கள் ஆட்சிக்கு அழைத்து வந்த தளபதி தெகோல், அடுத்த ஆண்டே அல்ஜீரியர்களுக்குச் சுயநிர்ணய உரிமை என்று பேசினார். அவர் ஆரம்பத்திலேயே முடிவெடுத்திருந்தாரா, போகப்போக மாறினாரா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். இரண்டாவதுதான் எனக்கு நம்பத் தோன்றுகிறது.

அல்ஜீரியா கைநழுவுவதைத் தடுக்க, 1961 ஏப்ரலில் ஓய்வுபெற்ற நான்கு தளபதிகள் அல்ஜியர்ஸைக் கைப்பற்றினார்கள். பாரிஸில் பாராசூட் படை இறங்கும் என்ற பயம். 23ஆம் தேதி இரவு தெகோல் ராணுவ உடையில் தொலைக்காட்சியில் தோன்றி, வானொலியிலும் ஒலிக்க, அவர்களுக்குக் கீழ்ப்படியாதீர்கள் என்றார். அல்ஜீரியா முழுக்க இருந்த படையினரில் பெரும்பாலோர் கட்டாய ராணுவ சேவைக்கு வந்த இருபது வயதுப் பையன்கள். ஊர் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருந்தவர்கள். படுக்கையருகே டிரான்சிஸ்டர் ரேடியோ வைத்திருந்தார்கள். மேலதிகாரி சொல்லாமலே அந்தப் பேச்சு அவர்கள் காதுக்குப் போய்விட்டது. உத்தரவுகள் நிறைவேறாமல் நின்றன. 26ஆம் தேதி கலகம் ஓய்ந்தது. பாட்டுக் கேட்க வைத்திருந்த பெட்டி ஒரு ராணுவக் கலகத்தைக் கவிழ்த்தது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

பிறகு நடந்தது வேகம். 1962 மார்ச் 18 அன்று ஏவியானில் முன்னணியோடு உடன்படிக்கை, ஜூலை 1 அன்று வாக்கெடுப்பு, 5ஆம் தேதி சுதந்திரம். பாண்டிச்சேரியைச் சட்டப்படி இந்தியாவுக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்துக்கு பாரிஸ் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்ததும் அதே ஜூலையில்தான். அதுவரை அந்தக் காகிதம் அல்ஜீரியாவுக்காகக் காத்திருந்தது.

குடியேறிகளில் பெரும்பாலோர் அந்தக் கோடையிலேயே கப்பலேறினார்கள். அவர்களைவிட மோசமாக அகப்பட்டவர்கள் ஹர்க்கிகள், அதாவது பிரெஞ்சுப் படையில் சேர்ந்து போரிட்ட அல்ஜீரியர்கள். பிரான்ஸ் அவர்களின் ஆயுதத்தைப் பிடுங்கிக்கொண்டு பெரும்பாலோரை விட்டுவிட்டுப் போனது, ஆயிரக்கணக்கில் பழிவாங்கப்பட்டார்கள். தப்பி வந்த குடும்பங்களில் பலவற்றை ரிவ்சால்த் போன்ற முகாம்களில் அடைத்தார்கள். வேறு சில முகாம்கள் 1975இல் பிள்ளைகள் கலகம் செய்த பிறகுதான் மூடப்பட்டன.